பறந்த குருவியை எண்ணலாமா?

ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கழித்தல் பாடம் வந்துவிட்டால் ஒரு மரக்கிளையும் கூடவே வந்துவிடும். கிளையில் மூன்று குருவிகள் உட்கார்ந்திருக்கும். இரண்டு குருவிகள் சிறகை விரித்துக் கொஞ்சம் மேலே பறந்துகொண்டிருக்கும். அடியில் 5 − 2 என்று போட்டு, விடைக்கு ஒரு கட்டம். நான் வேலை பார்த்த காலத்தில் பாடப்புத்தகம் பலமுறை மாறியது. தாள் வழவழப்பானது, ஒற்றை நிறம் போய்ப் பல வண்ணம் வந்தது. குருவி கிளியானது, வண்ணத்துப்பூச்சியானது, பலூன்கூட ஆனது. சில உட்கார்ந்திருக்கும், சில பறக்கும் என்ற ஏற்பாடு மட்டும் மாறவே இல்லை.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், 1980-களின் கடைசியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஈராசிரியர் பள்ளி. நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். மூன்று வகுப்பும் ஒரே அறையில். ஒரே கரும்பலகையைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். அந்த அறையில்தான் குருவிப் படத்தைப் பிள்ளைகளின் கண்ணால் பார்க்கப் பழகினேன்.

முன் வரிசையில் உட்காரும் ஒரு பெண்பிள்ளை புத்தகத்தைத் தரையில் விரித்து, ஒவ்வொரு குருவியின் மேலும் விரலை வைத்து எண்ணினாள். கட்டத்தில் 5 என்று எழுதினாள்.

“எத்தனை பறந்துச்சு?”

“ரெண்டு.”

“அப்ப மிச்சம் எத்தனை?”

“அஞ்சு டீச்சர். எல்லாம் இங்கனதான இருக்கு.”

அவள் சொன்னது நிஜம். அந்தப் பக்கத்தில் ஐந்து குருவிகளும் இருந்தன. ஒன்றுகூட எங்கேயும் போகவில்லை. போய்விட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பெரியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

பக்கத்திலிருந்த பையன் 3 என்று எழுதியிருந்தான். சரியான விடைதான். “முதல்ல கிளையில எத்தனை இருந்துச்சு?” என்று கேட்டேன். “மூணு” என்றான். உட்கார்ந்திருந்தவற்றை மட்டும் எண்ணிக் கட்டத்தில் போட்டிருக்கிறான். அவன் கழிக்கவே இல்லை. நோட்டுத் திருத்தும்போது அந்த 3-க்கு ஒரு சரி விழும், பிள்ளைக்குக் கழித்தல் வந்துவிட்டது என்று பதிவேட்டில் ஏறும். இன்னொருவன் கூட்டி 5 என்று எழுதிவிட்டுக் காரணமும் சொன்னான்: “ரெண்டும் இப்பத்தான் வந்து உக்காரப் போகுது டீச்சர்.” படத்தை மறுபடி பார்த்தேன். அந்தக் குருவிகள் போகின்றனவா, வருகின்றனவா என்று சொல்ல அதில் எந்த அடையாளமும் இல்லை. விரித்த சிறகு இரண்டுக்கும் பொது.

கழித்தல் பாடத்தின் சிரமம் முழுவதும் இந்த மூன்று பிள்ளைகளின் பதிலிலும் இருக்கிறது. கூட்டலைப் படமாகப் போட்டுவிடலாம். இந்தப் பக்கம் மூன்று மாம்பழம், அந்தப் பக்கம் இரண்டு. எல்லாம் கண்முன்னே இருக்கின்றன, எண்ணினால் முடிந்தது. கழித்தலில் ஒரு சம்பவம் நடக்கிறது. முன்பு ஒரு நிலை, நடுவில் ஒரு செயல், பின்பு ஒரு நிலை. இந்த மூன்றையும் அசையாத ஒரே படத்தில் திணிக்கும்போது, எது முன், எது பின் என்று பிரித்துப் பார்க்கும் வேலை பிள்ளையின் தலையில் விழுகிறது. அந்த வேலையைத் தான் செய்ய வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது.

கரும்பலகையில் நாமே வரைந்து காட்டினால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். ஐந்து வட்டம் போடுகிறோம், பிள்ளைகள் சேர்ந்து எண்ணுகிறார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டை எடுக்கிறோம். முன், நடு, பின் மூன்றும் கண்ணெதிரே நடக்கின்றன. எப்படி எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டஸ்டரால் துடைத்துக் காட்டுவது பல பள்ளிகளில் வழக்கம். துடைத்த இடம் வெறுமையாகிவிடும். மூன்று வட்டம் மட்டும் நிற்கும். “எத்தனை இருந்துச்சு, எத்தனை போச்சு?” என்று கேட்டால் வகுப்பே மேலே பார்க்கும். போனதற்குத் தடயம் இல்லாவிட்டால் கணக்கில் இரண்டு பங்கு காணாமல் போய்விடுகிறது. அதனால் துடைக்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டு அடிப்பேன். அடித்த வட்டமும் அங்கேயே இருக்கும். இருந்தது ஐந்து, அடித்தது இரண்டு, அடிபடாதது மூன்று. மூன்று எண்ணும் ஒரே வரிசையில் கண்ணுக்குத் தெரியும். போனது போனதாகவும் தெரிய வேண்டும், இருந்ததாகவும் தெரிய வேண்டும். கழித்தல் படத்துக்கு நான் வைத்த ஒரே இலக்கணம் அதுதான்.

சிலேட்டில் இதைப் பழக்குவது எளிதாக இல்லை. பிள்ளைகளுக்கு உள்ளங்கைதான் டஸ்டர். தப்பாகப் போனால் எச்சில் தொட்டு ஒரு தேய்ப்பு. கழித்தல் கணக்கு நடக்கும் நேரத்தில் யாரும் கையால் துடைக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். தப்பாக அடித்துவிட்டால் பக்கத்தில் புதிதாக வரைய வேண்டும். இதனால் ஒரு நல்லது நடந்தது. பிள்ளை என்ன நினைத்துச் செய்தது என்பது சிலேட்டிலேயே நின்றது. முதல் வரிசையில் ஏழு வட்டம், இரண்டாவதில் எட்டு வட்டம் என்றால், அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரிகிறது, எண்ணும்போதுதான் ஒன்றைத் தாண்டிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி வேறு.

அந்த ஊருக்குத் தீப்பெட்டிதான் பிழைப்பு. மானாவாரி நிலம், மழை பொய்த்தால் ஒன்றுமில்லை. விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்து என் மாணவர்களின் அக்காமாரை ஏற்றிக்கொண்டு போகும். வீட்டில் இருப்பவர்கள் பெட்டி ஒட்டுவார்கள். மத்திய அரசு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தை 1988-இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் சிவகாசிப் பக்கமும் ஒன்று. அதே தொழில், அதே வறுமை எங்கள் ஊரிலும் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளே விரல் நுனியில் பசை காய்ந்து உரிய வருவார்கள். பெட்டிக்குக் கணக்கு குரோஸ்தான். 144 பெட்டி ஒரு குரோஸ். நோட்டில் 12 − 5 போடத் தெரியாமல் விழித்த ஒரு பையன், “இன்னும் எட்டு ஒட்டுனா ஒரு குரோஸ் ஆயிரும்னு எங்கம்மாகிட்ட நேத்து நான்தான் சொன்னேன்” என்றான். எந்தப் பிள்ளையும் இருக்கக் கூடாத இடத்தில் அவன் கற்றுக்கொண்ட கழித்தல் அது. அதைப் பாராட்டவும் எனக்கு மனம் வரவில்லை, ஒதுக்கவும் வரவில்லை. அவனுக்குத் தெரிந்த கணக்கு பள்ளிக்கூடத்திலும் செல்லுபடியாக வேண்டும் என்று மட்டும் உறுதியாகத் தோன்றியது.

தீப்பெட்டி லேபிள்களைப் பிள்ளைகள் பொக்கிஷம் போலச் சேர்த்து வைத்திருப்பார்கள். யானை, மயில், கப்பல், தாமரை என்று பளிச்சென்ற படங்கள். பின்பக்கம் வெறும் வெள்ளை. அவற்றைக் கொண்டுவரச் சொன்னேன். தரையில் எட்டு லேபிள்களைப் படம் தெரிய வரிசையாக வைப்போம். மூன்று போய்விட்டது என்றால் எடுக்க மாட்டோம். மூன்றைக் கவிழ்த்து வைப்போம். ஐந்து படம், மூன்று வெள்ளை. இடம் அப்படியே இருக்கிறது, படம் மட்டும் மறைந்துவிட்டது. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வெள்ளையை நிமிர்த்திப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. கவிழ்த்ததை நிமிர்த்தினால் பழையபடி எட்டு ஆகிறது என்பதைப் பிள்ளைகள் கையாலேயே கண்டுகொண்டார்கள். எட்டில் மூன்று போனால் ஐந்து. ஐந்தோடு மூன்று வந்தால் எட்டு. கூட்டலும் கழித்தலும் ஒரே வரிசையின் இரண்டு திருப்பம் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாமலே தெரிந்தது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கண்ணை மூட, மற்றவர் சிலவற்றைக் கவிழ்த்துவிட்டு “எத்தனை போச்சு சொல்லு” என்று கேட்கிற விளையாட்டு அவர்களாகவே உண்டாக்கியது. மத்தியான இடைவேளையிலும் வேப்பமரத்தடியில் அது நடக்கும்.

அந்தக் காலத்தில் பள்ளிகளுக்குக் கணக்குச் சாமான்கள் அடங்கிய பெட்டி வந்திருந்தது. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் வந்தவை. பல இடங்களில் அந்தப் பெட்டி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. சாமான் காணாமல் போனால் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரியும். ஆனால் பிள்ளையின் கை படாத கருவி கருவியே இல்லை. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே.சீனிவாசன், பின்னால் ராயபுரத்தில் ராமானுஜனுக்கு அருங்காட்சியகம் உருவாகக் காரணமானவர். காசு செலவில்லாத பொருட்களை வைத்தே கணிதம் நடத்தலாம் என்று கடைசிவரை செய்து காட்டியவர். தீப்பெட்டி லேபிளும் புளியங்கொட்டையும் வைத்துப் பாடம் நடத்துகிற எங்களைப் போன்றவர்களுக்கு அவர் பெயரே ஒரு தெம்பு.

கையால் தொட்டுச் செய்தாயிற்று. அடுத்தது படம். படத்தை நான் வரையாமல் அவர்களையே வரையச் சொன்னேன். “உங்க வீட்ல எதாவது இருந்து, கொஞ்சம் போயிருக்கும்ல, அத வரைங்க.” ஒரு பையன் ஆடு வரைய ஆரம்பித்தான். அவன் அப்பா ஆடு வளர்ப்பவர். ஒவ்வொரு ஆட்டுக்கும் நாலு கால், கொம்பு, தாடி, வால். பத்து ஆடு வரைந்து முடிப்பதற்குள் பெல் அடித்துவிட்டது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். மூன்று ஆட்டை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிப்போனார்கள் என்றான். “அப்ப மூணை அடி” என்றேன். அவன் பலப்பத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான்.

“ஏம்ப்பா?”

“அடிச்சா ஆடு செத்துரும் டீச்சர். சந்தைக்குத்தான போகுது.”

பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். மூன்று ஆட்டின் கழுத்திலிருந்தும் கயிறு இழுத்து ஒரு ஆள் கையில் கொடுத்தான். அந்த ஆளுக்கு மீசை. அது அவன் அப்பா. கயிறு கட்டினது மூணு, கட்டாதது ஏழு. எண்ணிச் சொன்னான், எழுதினான். முழு வகுப்பும் எட்டிப் பார்த்தது. அதன்பிறகு ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். கடலைமிட்டாய் வரைந்த பெண் தின்றுவிட்ட மிட்டாய்களை வெறும் கோட்டளவில் விட்டு, மிச்சத்துக்கு மட்டும் உள்ளே புள்ளிப் புள்ளியாகக் கடலை வைத்தாள். முட்டை வரைந்தவன் உடைந்த முட்டைக்கு நடுவில் வளைந்து வளைந்து விரிசல் போட்டான். சம்பவம் என்ன என்பது அந்த அடையாளத்திலேயே இருந்தது. ஆடு வந்ததா, போனதா என்ற சந்தேகம் அந்தப் பையனுக்கு ஒருநாளும் வராது. கயிறு இருக்கிறதே.

இங்கே ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும். பத்து ஆட்டுக்கு இரண்டு நாள் என்றால் பாடத்திட்டம் எப்போது முடியும் என்று கேட்பார்கள். மேற்பார்வைக்கு வந்தவர்களும் கேட்டார்கள். நான் சொன்ன பதில் இதுதான்: இந்தப் பையன் அடுத்த வாரம் இப்படி வரைய மாட்டான். அப்படித்தான் ஆனது. ஆடு வரைந்து வரைந்து கை சலித்து, முதலில் தாடி போனது, பிறகு கொம்பு, பிறகு கால். ஒரு கட்டத்தில் உடம்பு ஒரு வட்டம் மட்டும்தான். அப்புறம் வட்டமும் போய்ச் செங்குத்துக் கோடுகள். கயிறும் சுருங்கிச் சின்னக் குறுக்குக் கோடாகிவிட்டது. முதல் நாள் நான் சொல்லி அவன் போட மறுத்த அதே கோடு; இப்போது அவனே போடுகிறான், அதில் ஆடு சாகவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஜெரோம் புரூனர் 1966-இல் எழுதிய நூலில் செயல், படம், குறி என்று கற்றலின் மூன்று நிலைகளைச் சொல்கிறார். ஆசிரியர் பயிற்சியில் அதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருந்தோம். படம் எப்படிக் குறியாகிறது என்பதை அந்தப் பையனின் சிலேட்டில்தான் பார்த்தேன். மேலே இருந்து யாரும் இறக்கி வைக்காமல், பிள்ளையே தன் படத்தைக் குறைத்துக் குறைத்து அங்கே வந்து சேர்கிறது.

நாம் போடுகிற − குறி அச்சில் வந்தது 1489-இல். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோகான்னஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணக்குப் புத்தகத்தில் அது இருக்கிறது. அதற்கு முன்னால் பல ஆயிரம் ஆண்டுகள் மனிதர்கள் அந்தக் குறி இல்லாமலேதான் ஆட்டையும் தானியத்தையும் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். அப்படியிருக்க, ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே கரும்பலகையில் 5 − 2 = 3 என்று எழுதிப் பத்துத் தடவை எழுதிவரச் சொல்வதில் என்ன அவசரம் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

கழித்தல் எல்லாமே ஒன்று எடுபட்டுப் போகிற கதை அல்ல என்பது அடுத்த இடர்ப்பாடு. எங்கள் பள்ளியில் சத்துணவுத் தட்டு எப்போதும் பற்றாக்குறை. எட்டுப் பேர் வரிசையில் நிற்பார்கள், கழுவி வைத்த தட்டு ஐந்து இருக்கும். இதையே படமாக வரைந்தேன். மேலே எட்டுப் பிள்ளைகள், கீழே ஐந்து தட்டு. “தட்டைவிடப் பிள்ளைங்க எத்தனை அதிகம்?” என்று கேட்டால் ஒன்றாம் வகுப்பில் பெரும்பாலும் “எட்டு” என்றுதான் வரும். இங்கே யாரும் எங்கேயும் போகவில்லை, அடிப்பதற்கு எதுவும் இல்லை. அதனால் பெரிய எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். “ஆளுக்கொரு தட்டு எடுத்துட்டா, தட்டு இல்லாம எத்தனை பேர் நிப்பாங்க?” என்று கேட்டால் பட்டென்று “மூணு” வரும். பசியோடு அந்த வரிசையில் நின்றவர்கள் அல்லவா.

பிற்பாடு ஒரு பணியிடைப் பயிற்சியில், டாம் ஹட்சன் என்ற ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். அவரும் படம்தான் காட்டியிருக்கிறார்: சில பறவைகள், அதைவிடக் குறைவாகப் புழுக்கள். புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் 17 சதவீதம் பேரே சரியாகச் சொன்னார்கள். பறவைகள் ஆளுக்கொரு புழு எடுக்க ஓடினால் எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது என்று கேட்டபோது அதே பிள்ளைகளில் 83 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். படம் ஒன்று, எண்கள் ஒன்று. கேட்ட விதம்தான் வேறு. எங்கள் சத்துணவு வரிசை சொன்னதும் அதைத்தான்.

அதனால் ஒப்பிடும் கணக்குக்கு வேறு வகைப் படம் பழக்கினேன். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் ஒன்றுக்கொன்று கோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். பிள்ளை, தட்டு, பிள்ளை, தட்டு. கோடு கிடைக்காமல் நிற்பதுதான் விடை. “இன்னும் எத்தனை வேணும்” என்ற மூன்றாவது வகைக்கு வெறும் கட்டங்கள்: ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, மொத்தம் பத்து. ஏழு கட்டத்தில் புள்ளி வைத்துவிட்டால் காலியான மூன்று தானாகவே தெரியும். பெட்டி ஒட்டுகிற வீட்டுப் பையன் இதில் யாருக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்வான்.

இரண்டாம் வகுப்பில் 32 − 17 வரும்போதுதான் பல பிள்ளைகள் நிரந்தரமாகத் தடுமாறிப் போகிறார்கள். எழுதிக் கொடுத்தால் 25 என்று வரும். ஏழிலிருந்து இரண்டு போக ஐந்து, மூன்றிலிருந்து ஒன்று போக இரண்டு. பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது என்று மனதில் பதிந்த பாடத்தை ஒழுங்காகச் செய்கிறார்கள். இதற்காக, மருந்தில் முக்காத வெள்ளைத் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டி வைத்திருந்தேன். மூன்று கட்டு, இரண்டு உதிரி. பதினேழை எடு என்றால் முதலில் ஒரு கட்டை எடுத்து வைப்பார்கள். இன்னும் ஏழு வேண்டும். உதிரி இரண்டுதான். கை நின்றுவிடும். அந்த இடத்தில் நான் எதுவும் பேச மாட்டேன். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் ஒரு கட்டின் நூலை அவிழ்ப்பார்கள். சிலேட்டில் வரையும்போது கட்டுக்கு நீளக் கோடு, உதிரிக்குப் புள்ளி. கட்டை அவிழ்த்தால் கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைக்க வேண்டும். 25 என்று எழுதுகிற பிள்ளைகூடப் படத்தில் 25 கொண்டுவர முடியாது. எண்ணைத் தலைகீழாகக் கழித்துவிடலாம். இல்லாத புள்ளியை அடிக்க முடியாது.

இந்த ஒரு கணக்கு எவ்வளவு பெரிய தடை என்பதற்கு நாடு முழுவதும் சாட்சி இருக்கிறது. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் அசர் ஆய்வில் இப்படிப்பட்ட இரண்டிலக்கக் கழித்தலைத்தான் கொடுத்துப் பார்க்கிறார்கள். 2024 அறிக்கைப்படி மூன்றாம் வகுப்பில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் 33.7 சதவீதம். மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு வரவில்லை. அவர்களில் பலருக்கு இரண்டாம் வகுப்பில் கட்டை அவிழ்த்துப் பார்க்க யாரும் நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது, கற்றல் ஏணியும் அட்டைகளும் வந்தன. எனக்கு அதில் மிகவும் பிடித்தது கீழ்மட்டக் கரும்பலகை. சுவரின் அடிப்பக்கம் நெடுக, உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இடம். முப்பது பிள்ளைகள் என்ன வரைகிறார்கள் என்பதை அறையின் நடுவில் நின்று ஒரே பார்வையில் பார்க்க முடிந்தது. அட்டைகளில் ஒரு குறை இருந்தது. அழகான படங்கள்தான், ஆனால் அடுத்த பிள்ளைக்கும் அதே அட்டை போக வேண்டும் என்பதால் அடிக்க முடியாது. அடிக்க முடியாத கழித்தல் படம் மறுபடியும் கிளைக் குருவிதான். நாங்கள் அட்டையின் மேல் புளியங்கொட்டையை வைத்து மறைத்துச் சமாளித்தோம். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளைகள் தாங்களே எழுதிக்கொள்ளும் பயிற்சி நூல் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நூலைப் புரட்டிப் பார்த்தேன். பென்சிலால் அடித்த தடம் நிறைய இருந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

இப்போது கைபேசியில் குருவி நிஜமாகவே பறக்கிறது. சிறகடித்து, சத்தம் போட்டு, திரையை விட்டே வெளியேறுகிறது. போகிறதா வருகிறதா என்ற குழப்பம் அதில் இல்லை, அது நல்லதுதான். ஆனால் பறந்த பிறகு திரையில் தடயம் எதுவும் மிஞ்சுவதில்லை. டஸ்டரால் துடைத்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. விடை சரியென்றால் நட்சத்திரம் விழும், தவறென்றால் அடுத்த குருவிக் கூட்டம் வரும். பிள்ளை எங்கே தவறியது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். கழித்தலைக் கற்றுக்கொடுக்க அதை மட்டும் நம்புவது சரியல்ல என்பது என் தீர்மானமான கருத்து.

வீட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் சொல்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கும் தாள் எந்த வீட்டிலும் கிடைக்கும். கிழித்த காலண்டர் தாள் போதும். ஒரு பென்சில் கொடுங்கள். ரப்பரை எடுத்து வைத்துவிடுங்கள். இன்று வீட்டில் எது குறைந்ததோ, கூடையில் வாழைப்பழமோ கொடியில் துணியோ, அதைப் பிள்ளை தன் இஷ்டப்படி வரையட்டும். போனதற்கு என்ன அடையாளம் போடுவது என்பதை அதுவே முடிவு செய்யட்டும். வரைந்து முடித்ததும் விடையைக் கேட்காதீர்கள். முதலில் எத்தனை இருந்தது, எது போனது என்று கேளுங்கள். அந்த இரண்டுக்கும் பிள்ளை தன் படத்தைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் − குறியை எழுதிக் கொடுங்கள்.